எடையைவிட இடுப்பளவு முக்கியம்: உடற்பருமனும் உள்ளழற்சியும் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் ‘சிஆர்பி’ (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ஓர் எண் வந்துவிட்டால் பலரும் நேரே போவது மருந்துக்கடைக்குத்தான். மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் மாத்திரை, ‘டிடாக்ஸ்’ பொடி என்று வாங்கி வருகிறார்கள். இது தலைகீழ் வரிசை. பருமனோடு வரும் அழற்சிக்கு ஊற்று, தொப்பைக்குள்ளும் ஈரலிலும் தேங்கிய கொழுப்பு. அது குறைந்தால் அழற்சியும் தணியும். கொழுப்பை விட்டுவிட்டு அழற்சியை மட்டும் அடக்கப் பார்த்தால் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது தையல் டேப்.

உள்ளே நடப்பது என்ன

முள் குத்திய கால் சிவந்து, வீங்கி, வலித்து, நாலு நாளில் அடங்குவதும் அழற்சிதான். பருமனில் வரும் அழற்சிக்கு வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மந்தமாக, வருடக்கணக்கில் ஓடும். சாப்பிட்டது செலவாகாமல் மிஞ்சும்போது கொழுப்பு செல்கள் உப்புகின்றன. அளவுக்கு மீறி உப்பிய செல்கள் மடிகின்றன. அவற்றைச் சுத்தம் செய்ய மேக்ரோபேஜ் எனும் வெள்ளை அணுக்கள் வந்து சுற்றி நிற்கின்றன. அவையும் கொழுப்பு செல்களும் சேர்ந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சி ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்து டிஎன்எஃப் சுரப்பதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் 1993-இல் ஹோட்டமிஸ்லிகிலும் ஸ்பீகல்மேனும் காட்டினார்கள். அதுவரை கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே கருதப்பட்டது. அந்தத் திசுவில் மேக்ரோபேஜ்கள் குவிவது 2003-இல் தெளிவானது.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பிலிருந்து வெளியேறும் ரத்தம் நேராக ஈரலுக்குப் போகிறது. ஐஎல்-6 வந்து சேர்ந்ததும் ஈரல் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. கூடவே வரும் கொழுப்பு அமிலங்கள் ஈரலிலேயே படிகின்றன. படிந்த ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. இரவு எதுவும் சாப்பிடாதவருக்குக் காலையில் 115 காட்டுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

தெற்காசியர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பாதகம் உண்டு. தோலுக்கடியில் பத்திரமாகச் சேமிக்கும் இடம் நமக்கு சீக்கிரம் நிரம்பி, மிச்சம் வயிற்றுக்குள் போகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யட்கின் இருவரும் 2004-இல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

முதல் படி: இடுப்பளவை ஒழுங்காக எடுப்பது

பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. தொப்பை உள்ளவர்கள் பேன்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதால் உண்மை அளவு பல செ.மீ. கூடுதலாகவே இருக்கும். காலையில், சாப்பிடும் முன், சட்டையைத் தூக்கிவிட்டு நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் டேப் ஓட வேண்டும், பின்னால் தாழாமல் தரைக்கு இணையாக. சாதாரணமாக மூச்சை விட்டு, விட்ட முடிவில் படியுங்கள். வயிற்றை எக்கக்கூடாது, டேப் சதையில் பதியக்கூடாது. இரண்டு முறை எடுத்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுங்கள்.

தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். 160 செ.மீ. உயரம் என்றால் 80. பிஎம்ஐ-க்கும் நமக்குத் தனி எல்லை உண்டு: 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் பருமன். வெளிநாட்டு இணையக் கணக்கிகள் 30 வரை பருமன் இல்லை என்று சொல்லும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இரண்டாம் படி: எந்தப் பரிசோதனை, எப்படித் தயாராவது

முந்நூறு ரூபாய்க்கும் பேக்கேஜ் உண்டு, பத்தாயிரத்துக்கும் உண்டு. தொடக்கத்துக்குத் தேவையானவை இவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ரத்தக் கொழுப்புகளைக் காட்டும் லிப்பிட் ப்ரொஃபைல், ஈரலுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட்டோடு கூடிய ரத்த எண்ணிக்கை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், பிபி. பிபி, சர்க்கரை இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தம் கொடுக்கும் முன் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். முந்தைய இரவு மது அருந்தினால் டிரைகிளிசரைடு தாவும். காய்ச்சல், சளி, பல்வலி இருக்கும் வாரத்தில் போகாதீர்கள். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் 9, 10 என்று இருக்கும் பெண்கள் அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் பயப்படாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிபி பார்ப்பதில் பருமன் உள்ளவர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. பருத்த புஜத்தில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிபி பொய்யாக ஏறிக் காட்டும். புஜத்தின் சுற்றளவு 34 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை மார்பளவு உயரத்தில் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்த கையோடு எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

மூன்றாம் படி: ஐந்தில் எத்தனை என்று எண்ணுவது

இடுப்பளவு எல்லையைத் தாண்டியது ஒன்று. டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், இரண்டு. நல்ல கொழுப்பு எனும் எச்டிஎல் ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழ், மூன்று. பிபி-யில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85-ஐத் தொட்டது, நான்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ஐந்து. இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் அதற்குப் பெயர் மெட்டபாலிக் சிண்ட்ரோம். இந்த வரையறை 2009-இல் பல சர்வதேச அமைப்புகள் கூடி ஒத்துக்கொண்டது. மாத்திரை சாப்பிட்டு பிபி 120-இல் இருந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

‘எனக்கு எடை இருக்கிறது, ஆனால் எல்லாம் நார்மல்’ என்பவர்களும் உண்டு. உண்மைதான், இன்றைக்கு. அமெரிக்காவில் பல வருடம் தொடர்ந்து கவனித்த மெசா ஆய்வில், அப்படி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னர் மெட்டபாலிக் சிண்ட்ரோம் வந்துவிட்டது. அவர்கள் வருடம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தில் கெட்ட கொழுப்பு எனும் எல்டிஎல் வராது என்பதால் அதைக் கோட்டைவிடுவதும் சகஜம். அது தனியாகவே மாரடைப்புக்கு வழிகாட்டும்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல்படி. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால், அறிகுறி ஏதும் இல்லாதவர் இன்னொரு முறை பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அதற்கு டயட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஈரலுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்று வந்தால் பலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள், கிரேடு 2 என்றால் நடுங்குகிறார்கள். அந்த கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயதை எஸ்ஜிஓடி-யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி (இரண்டரை லட்சம் என்றால் 250) எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வயது 45, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2.5 லட்சம் என்றால் 1800-ஐ 1750-ஆல் வகுக்க 1.03 வரும். 1.3-க்குக் கீழ் இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. மேலே போனால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிவராது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு எல்லை 2.0.

சிஆர்பி-யை எங்கே வைப்பது

கடைசியில் வையுங்கள். எடுப்பதென்றால் ‘ஹை சென்சிடிவிட்டி’ வகைதான் வேண்டும். சாதா சிஆர்பி இவ்வளவு சன்னமான ஏற்றத்தைப் பிடிக்காது. லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் குறைந்த அபாயம், 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். சில லேப்கள் டெசிலிட்டரில் அச்சிடும், அங்கே 0.3 என்பதுதான் இங்கே 3. அலகைப் பார்க்காமல் பத்து மடங்கு பயந்தவர்களும் உண்டு, பத்து மடங்கு அலட்சியமாக இருந்தவர்களும் உண்டு. 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் எங்கோ கிருமித்தொற்றோ காயமோ இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். கருத்தடை மாத்திரையும் இந்த எண்ணை ஏற்றும்.

ஈறு நோயையும் மறக்க வேண்டாம். பல் துலக்கும்போது ரத்தம், வாய் நாற்றம், ஆடும் பல் என்று இருந்தால் அங்கேயே ஒரு நிரந்தர அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை செய்தால் எச்பிஏ1சி-யும் ஓரளவு இறங்குகிறது. பல் மருத்துவர் விலையுயர்ந்த மஞ்சள் கேப்ஸ்யூலைவிட உருப்படியான செலவு. மஞ்சளைக் குழம்பில் போடுவதில் தவறே இல்லை. செறிவூட்டி மிளகுச் சத்தும் சேர்த்த மாத்திரைகளால் ஈரல் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே கொழுப்பு படிந்த ஈரலுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

அழற்சியை மட்டும் மருந்தால் அடக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில் கனாகினுமாப் என்ற ஊசி, எல்டிஎல்-ஐத் தொடாமலே, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களின் இதயப் பாதிப்புகளை 15 சதவீதம் வரை குறைத்தது. அழற்சிக்கு மாரடைப்பில் பங்கு உண்டு என்பது அதில் உறுதியானது. ஆனால் அதே ஊசி புதிதாகச் சர்க்கரை நோய் வருவதைத் தடுக்கவில்லை.

நான்காம் படி: தட்டு

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பிலேயே சிக்கல் இருக்கிறது. குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. மூன்று சுற்று. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. மூன்று சுற்று சாப்பிடுகிறவர் மதியம் மட்டுமே 150 கிராம் அரிசியைத் தாண்டுகிறார். பட்டினி கிடப்பதைவிட எளிய வழி: சோறு குழம்புக்கு மட்டும். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. அரிசியைச் சமைக்கும் முன்பே தராசில் நிறுத்து ஆளுக்கு 50, 60 கிராம் என்று போடுங்கள். வெந்த பிறகு கண்ணளவில் குறைப்பது மூன்று நாளைக்கு மேல் தாங்காது.

குறைத்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்கு மிக்சர் பாக்கெட் திறக்கும். பொரியலை இரட்டிப்பாக்கி, புரதம் சேர்த்து அந்த இடத்தை நிரப்புங்கள். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று ஆறுதல் வேண்டாம். ஓட்டல் சாம்பார் ஒரு கரண்டியில் பருப்பு மிகக் கொஞ்சம். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் சுமார் 20, உலர்ந்த நிலையில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் சுமார் 10. நீங்கள் எட்ட நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1 கிராம் என்று கணக்கு வையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். பொரியலும் சுண்டலும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டாலே, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் உயரம் குறையும்.

சோற்றுக்குப் பதில் இரவில் நாலு சப்பாத்தி என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் எனும் நாடு தழுவிய ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றிப் போட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்பதும் அதில் வந்தது. ராகிக் களிக்கும் இது பொருந்தும். மாவுச்சத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பருப்பு, பால், தயிர் வகைப் புரதம் வந்தபோதுதான் கணக்கு மாறியது.

எண்ணெய்க்கு ஐசிஎம்ஆர்-என்ஐஎன் எனும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்ன அளவு, 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு ஒரு நாளில் 27 கிராம். நால்வர் குடும்பத்துக்கு நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டர். எடை குறைக்க விரும்பும் வீட்டில் அதற்கும் கீழே வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதுங்கள். எந்த ஆப்பும் காட்டாத உண்மையை அது காட்டும். டீ, காபிச் சர்க்கரையும் அப்படித்தான்: நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் வரை போகிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் எடை குறைக்கும் முயற்சியில் இறங்கவே கூடாது.

ஐந்தாம் படி: உடம்பை அசைப்பது

தசை சுருங்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் காலை ஆறு மணி வாக்கிங் முடித்துவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் இருப்பதைவிட, ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்குப் பிறகும் 10, 15 நிமிடம் நடப்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடமாவது வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, அப்படி மூன்று சுற்று, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் கேன் தூக்குவது. முழங்கால் வலிப்பவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இதில் எடை சரசரவென்று இறங்காது, அதனால் மனம் விட வேண்டாம். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள் உணவும் நடையும் மாற்றியதிலேயே நோய் வரும் வாய்ப்பு மூன்று வருடத்தில் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எனும் சர்க்கரை மாத்திரைக்கும் ஏறக்குறைய அதே பலன்.

தூக்கத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூக்கம் என்றால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். இரவெல்லாம் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவது அழற்சியையும் பிபி-யையும் கிளப்பும். தூக்கப் பரிசோதனை எடுக்காமல் இதற்கு டயட் மட்டும் போதாது.

எவ்வளவு குறைய வேண்டும், எப்போது மறுபடி பார்ப்பது

80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே, அதாவது 5 சதவீதத்தில், சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஈரல் கொழுப்பும் அசையத் தொடங்கும். ஈரல் அழற்சி அடங்க 7 முதல் 10 சதவீதம் வேண்டும். வாரம் அரைக் கிலோ நல்ல வேகம். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும், தசையும் கரையும்.

முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ போய், மூன்றாம் வாரம் முள் நகராமல் நிற்கும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். முதலில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் குறையும்போது அதோடு பிடித்து வைத்திருந்த நீரும் போய்விடுகிறது. அதன் பிறகு இறங்குவதுதான் கொழுப்பு, அது மெதுவாகத்தான் இறங்கும். எடையை வாரம் ஒரு முறையும் இடுப்பளவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் குறித்தால் போதும். லிப்பிட், எஸ்ஜிபிடி இரண்டையும் 12 வாரத்தில் பாருங்கள். எச்பிஏ1சி-யை அதற்கு முன் எடுப்பது வீண். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் பழைய சர்க்கரையின் சாயல் அதில் இருக்கும்.

எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றிக் கேட்காதவர் இப்போது இல்லை. செமாக்ளுடைடு, டிர்செபடைடு இரண்டும் 2025-இலிருந்து இந்தியாவில் எடைக்குறைப்புக்குக் கிடைக்கின்றன. 2023-இல் வந்த செலக்ட் ஆய்வில், இதய நோயும் கூடுதல் எடையும் இருந்து சர்க்கரை இல்லாதவர்களுக்கு செமாக்ளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. நல்ல மருந்துதான். நிறுத்தினால் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பியதும் வேறோர் ஆய்வில் பதிவானது. புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் போட்டுக்கொண்டால் கொழுப்போடு தசையும் போகும். ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-ஐத் தாண்டினாலே எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்று 2022 சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இடுப்பு 2 செ.மீ. கூடக் குறையவில்லை என்றால் தட்டைக் குறை சொல்லும் முன் மற்றதைச் சரிபாருங்கள்: தைராய்டு, ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு, பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடியில் கலந்திருக்கக்கூடிய ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வாரக்கடைசி மது. இடுப்பு குறைந்தும் சிஆர்பி இறங்காவிட்டால் முதலில் பல் மருத்துவரிடம் போங்கள்.